வெள்ளைக் கொடி நின்ற இடம்

சவரிமுத்துவைக் கொடி பிடிக்கத் தேர்ந்தெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனே கம்பெனிக்காரர்களிடம் கெஞ்சி அந்த வேலையை வாங்கிக்கொண்டான் என்று ஊரில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கெஞ்சுகிற ஆளா அவன்? பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் யாராவது உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். பாலக்கோட்டிலிருந்து வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்த நாட்கள் எத்தனையோ.

நான் அப்போது கிராம சேவக். பாலக்கோடு பக்கத்தில் பதினோரு ஊர் என் பொறுப்பு. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விதையை இப்படி நேர்த்தி செய்யுங்கள், உரத்தை இப்படிப் போடுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். நான் சைக்கிளில் ஏறியதும் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இப்போது பென்ஷன் வாங்குகிறேன், கோபம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

சவரிமுத்து செபமாலைபுரத்துக்காரன். அறுபது வீடு, எல்லாம் வேதக்காரர்கள், ஓடு வேய்ந்த ஒரு அந்தோணியார் கோயில். ஊருக்குக் கிழக்கே நொச்சியோடை. ஓடையைத் தாண்டினால் கோணங்கிப்பட்டி, அங்கே முனியப்பன் கோயில். இரண்டு ஊருக்கும் கல்யாணம் காரியம் கிடையாது, மற்றபடி எல்லாம் உண்டு. அறுபத்தொன்பதில் சவரிமுத்துவுக்கு முப்பத்தெட்டு வயது. மனைவி பாக்கியமேரி, இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டரை ஏக்கர் மானாவாரி, ஒரு ஜோடி மாடு. அந்தோணியார் திருவிழாவில் கொடிக்கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவது அவன்தான். கம்பம் ஒரு விரல்கடை சாயாது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உழுகிறவன் தன் கொல்லையை முடித்ததும் உடனே ஏரை அவிழ்க்க மாட்டான். பக்கத்தில் மாடில்லாதவர் நிலம் ஏதாவது இருந்தால் அதில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் அவிழ்ப்பான். கடைசிச் சுத்து என்பார்கள். எட்டுப் பேர் அப்படி ஓட்டினால் மாடில்லாதவர் நிலமும் உழுது முடிந்திருக்கும். யாரும் கேட்கவும் மாட்டார்கள், ஓட்டியவனுக்கு நன்றி சொல்லவும் மாட்டார்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில் இதைக் கேலி செய்தேன். ஆளுக்கொரு ஆழத்தில் ஆளுக்கொரு நாளில் உழுதால் மண்ணில் ஈரம் எப்படி நிற்கும் என்று சவரிமுத்துவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

“நீங்க சொல்றது சரிதானுங்க சார். மாடில்லாத ஆளு நீங்க, மாட்டப் பத்தி இத்தினி தெரிஞ்சி வெச்சிருக்கீங்க” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. சொந்தமாக ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லாதவன் நான். மறுநாள் சைக்கிளில் போகும்போது பார்க்கிறேன், ஓடைக்கு அந்தக் கரையில் குள்ளம்மாள் கொல்லையில் நிதானமாக ஒரு சுற்று ஓட்டிக்கொண்டிருந்தான். குள்ளம்மாள் கோணங்கிப்பட்டிக்காரி. புருஷன் போய்விட்டான், மாடு இல்லை, ஓடையை ஒட்டினாற்போல் முக்கால் ஏக்கர் இருந்தது.

அந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. மழையோடு கம்பளிப்புழுவும் வந்தது. சிவப்பு மயிர்ப் புழு, மண்ணிலிருந்து கிளம்பி நிலக்கடலைக் கொல்லைகளில் இறங்கியது. காலையில் பச்சையாக இருந்த கொல்லை சாயந்திரம் குச்சி குச்சியாக நிற்கும். வரப்பில் காலை வைத்தால் நசுங்கும் சத்தம் கேட்கும். ஜனங்கள் குழி வெட்டிப் புழுவை வாரிக் கொட்டி எரித்தார்கள். எரித்ததைவிட வந்தது அதிகம்.

சர்க்காரில் முடிவு செய்து, ஒரு தனியார் கம்பெனியின் சின்ன விமானங்கள் இரண்டை வரவழைத்தார்கள். ஒரே ஒரு ஆள் உட்காருகிற விமானம், வயிற்றில் மருந்துத் தூள் நிரப்புகிற தொட்டி. ஆடி மழைக்கும் தண்ணீர் பிடிக்காமல் கிடந்த ஏரியில் டிராக்டர் விட்டுச் சமப்படுத்தி ஓடுதளம் ஆக்கினோம். பெண்ணாகரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வேர்க்கடலை விற்கிறவன், ஐஸ் வண்டிக்காரன், எல்லாருக்கும் நல்ல வியாபாரம்.

ஒரு பைலட் லோபோ. மங்களூர்ப் பக்கத்து வேதக்காரர், நாற்பது வயது இருக்கும், மீசை வைத்த கனத்த ஆள். இன்னொருவர் குல்கர்னி, பூனாவிலிருந்து வந்த இருபத்துநாலு வயசுப் பையன். லோபோ அரைகுறைக் கன்னடத்தில் பேசுவார். நம் ஆட்களுக்கு எல்லைப் பக்கத்துக் கன்னடம் ஓரளவு வரும், சமாளித்துக்கொண்டார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே லோபோ செபமாலைபுரம் கோயிலுக்குப் பூசைக்கு வந்து எல்லாரோடும் தரையில் முழங்காலில் நின்றார். அன்றிலிருந்து ஓடைக்கு இந்தப் பக்கத்து விமானம் ‘நம்ம விமானம்’ ஆகிவிட்டது. கோணங்கிப்பட்டிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. குல்கர்னிக்குத் தினம் ஒரு தூக்கில் ராகிக் களி அனுப்பினார்கள். அந்தப் பையன் அதை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று, ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிப்பான்.

மருந்து போடுவதற்குக் கொடிக்காரன் வேண்டும். கொல்லையின் கடைசியில் அவன் நீண்ட கம்பில் கொடியோடு நிற்பான். விமானம் அந்தக் கொடியை நேராகப் பார்த்துத் தலைக்கு மேலே ஆள் உயரத்தில் தூவிக்கொண்டே வரும். தாண்டியதும் கொடிக்காரன் இருபது தப்படி நகர்ந்து நிற்க வேண்டும், அடுத்த வரிசை அங்கே. அசையாமல் நிற்க நெஞ்சுரம் வேண்டும். திருவிழாக் கம்பம் ஞாபகம் வந்து சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்துக்குக் கோணங்கிப்பட்டி மாதையன். கொடித் துணி வாங்கப் போனதும் நான்தான். சிவப்பு வாங்கினால் ஒரு கட்சி, மூவர்ணம் என்றால் இன்னொரு கட்சி, வம்பே வேண்டாம் என்று சவரிமுத்துவுக்கு வெள்ளை, மாதையனுக்கு மஞ்சள் வாங்கி வந்தேன்.

வேலை தொடங்குமுன் லோபோ ஏரி மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். ஓடையின் இரண்டு கரையிலும் நூறு நூறு தப்படிக்கு மருந்து கிடையாது. ஓடைத் தண்ணீரை மாடு குடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், குல்கர்னி பக்கம் கிழக்கே குன்று இருந்தது. அவன் வரிசை முடிந்து மேலே எழும்பித் திரும்புவதற்கு ஓடை மேல்தான் இடம். லோபோ மேற்கே திரும்பிக்கொள்வார்.

“ஓடைக்கு மேல இருக்கற ஆகாசம் அவனுக்கு. நான் அங்கே வரவே மாட்டேன்” என்றார்.

எல்லையில் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டோம். சவரிமுத்து கல் நட்டபோது கூடவே இருந்து மண் தள்ளினான். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

தெரியாதவள் குள்ளம்மாள். மூன்றாம் நாள் அவள் கொல்லையில் புழு ஏறிவிட்டது. என்னைத் தேடி ஏரிக்கே வந்தாள்.

“சார், அல்லா கொல்லைக்கும் மருந்து போடறாங்க, எங் கொல்லைய மட்டும் வுட்டுட்டுப் போவுது. இன்னும் ரெண்டு நாளானா வெறுங்குச்சிதான் சார் மிஞ்சும்.”

“அது எல்லைக்குள்ள இருக்குதும்மா. அதுல போடக் கூடாது. சட்டம்னா சட்டம்தான்” என்றேன்.

“ஒரே ஒரு வாட்டி சார்.”

“போம்மா, வேலை நடக்கற எடத்துல வந்து நிக்காதே” என்று கத்தினேன். அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு போனாள். பத்தடி தள்ளிக் கொடிக் கம்பில் துணியைக் கட்டிக்கொண்டிருந்த சவரிமுத்து என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஆறாம் நாள் கடைசி நாள். காற்று எழும்புவதற்கு முன்பே வேலை முடிய வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே தொடங்கினார்கள். எட்டு மணிக்குச் செபமாலைபுரம் பக்கம் முடிந்தது. லோபோவின் தொட்டியில் இன்னும் ஒரு நடைக்குத் தூள் மிச்சம் இருந்தது. மேற்கே வட்டம் போட்டுக்கொண்டு, கொடி இன்னொரு வரிசை காட்டுகிறதா என்று பார்த்தார்.

சவரிமுத்து ஓடைக்கு அப்பால் பார்த்தான். மாதையன் மஞ்சள் கொடியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். கொடியைச் சுருட்டிவிட்டால் ஏர் அவிழ்த்தாயிற்று என்று அர்த்தம். குல்கர்னி ஏரிக்குத் திரும்பிவிட்டான், ஆகாசம் காலி. சவரிமுத்து அப்படித்தான் கணக்குப் போட்டான். விமானத்தையும் அவன் ஒரு ஏராகவே நினைத்துவிட்டான். உழவு முடிந்தது, மாடு இன்னும் நுகத்தில் இருக்கிறது, பக்கத்தில் மாடில்லாதவள் கொல்லை கிடக்கிறது.

கொடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி, அந்தக் கரையில் ஏறி, குள்ளம்மாள் கொல்லையின் கடைசியில் போய் நின்றான். குள்ளம்மாள் அங்கேதான் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நவுந்துக்கோ குள்ளம்மா, வருது” என்று மட்டும் சொன்னானாம்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கற்கள் நட்ட எல்லையோரத்துக் கடைசி வரிசைக்குக் கொடி தேவையில்லை, கற்களைப் பார்த்தே ஓட்டிவிடுகிறேன் என்று குல்கர்னி அன்று காலை மாதையனிடம் சொல்லியிருந்தான். அதனால்தான் மாதையன் கொடியைச் சுருட்டினான். குல்கர்னி இன்னும் ஏர் அவிழ்க்கவில்லை.

நான் ஏரிக் கரையில் மருந்து டிரம்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஓடைக்கு அந்தப் புறம் வெள்ளைத் துணி நிற்பதைப் பார்த்தேன். இதென்ன என்று யோசிப்பதற்குள் லோபோ அதை நோக்கி வந்துவிட்டார். குள்ளம்மாள் கொல்லை மேல் தூள் நேர்கோடாக விழுந்தது. கொடியைத் தாண்டியதும் மேலே எழும்பினார். அதே நேரத்தில் அந்தப் பக்கம் குல்கர்னியும் எழும்பித் தன் ஆகாசத்துக்குத் திரும்பினான். ஒரு பெரிய தகரம் கிழிகிற சத்தம் வந்தது. லோபோவின் விமானம் ஒரு இறக்கையோடு சாய்ந்து எங்கள் பக்கத்துப் புளியமரத்தில் விழுந்தது. குல்கர்னியின் விமானம் நேராக ஓடைக்குள் போனது.

எல்லாரும் ஓடினோம். ஓடைக்குப் போனவர்கள் கொஞ்ச நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். களி அனுப்பிய பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சவரிமுத்து கொடியைப் போட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஓடி, புளியமரத்தடியில் கண்ணாடியை உடைத்து லோபோவை வெளியே இழுத்திருந்தான். கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். குள்ளம்மாள் கொல்லையில் கொடி கிடந்தது. போலீஸ் வருவதற்குள் அதை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி இந்தக் கரையில் எல்லைக் கல்லுக்கு இப்பால் போட்டேன். சவரிமுத்துவைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். கொடிக்காரனை அமர்த்தியவன் நான், அவனைக் கண்காணிக்க வேண்டியவன் நான். எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொடியோடு கரையேறும்போது சவரிமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். 

விசாரணை பாலக்கோடு பயணியர் விடுதியில் நடந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. லோபோவைக் காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கொடி ஓடைக்கு அப்பால் இருந்தது, அந்தப் பக்கம் வேலை முடிந்ததால்தான் அங்கே நிற்கிறது என்று நினைத்துக் கொடியைப் பார்த்து வந்தேன் என்றார். அதிகாரி சவரிமுத்துவைக் கேட்டார். அதற்கு முந்தின நாளே நான் அவனிடம், “நெசத்தச் சொன்னா உன்னையும் புடிப்பான், குள்ளம்மாளையும் புடிப்பான். ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது, யோசிச்சிக்கோ” என்று சொல்லிவைத்திருந்தேன்.

“ஓடைக்கு இந்தப் பக்கந்தானுங்க நின்னேன்” என்றான் சவரிமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு.

லோபோவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

“சவரி, நிஜ ஹேளப்பா” என்றார், மெதுவாக.

உண்மையைச் சொல்லப்பா என்று கேட்பது எல்லாருக்கும் புரிந்தது. சவரிமுத்து நிமிரவில்லை. தன் இடத்தை விட்டு வந்து கூட்டாளியைக் கொன்றவர் என்கிற பேர் லோபோ தலையில் விழுந்தது. லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். முடிவான தீர்ப்பை எழுதுமுன் இடத்தை அளந்து பார்க்க இன்னொரு தடவை வருவதாகச் சொல்லி அதிகாரி போய்விட்டார்.

அப்புறம் சவரிமுத்து சவரிமுத்துவாக இல்லை. பூசைக்குப் போவான், நற்கருணை வாங்க எழுந்து போக மாட்டான். கடைசி வரிசையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாக்கியமேரி ஒருநாள் என் வாடகை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“என்னா சொல்லிக் குடுத்தீங்க எங்க வூட்டுக்காரருக்கு? சோறு எறங்க மாட்டேங்குது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவரு, சாமியாரு மன்னிப்பு குடுக்கலைன்னு திரும்பி வந்துட்டாரு. நீ கெடுத்த பேர மீட்டுக் குடுத்துட்டு அப்பறம் வான்னுட்டாராம். என் தலையில மண்ண வாரிப் போட்டுட்டீங்களே.”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா” என்றேன். கூசாமல் சொன்னேன்.

இதற்கு நடுவே குள்ளம்மாள் கொல்லை வேறு என் கண்ணை உறுத்தியது. புழு மொத்தக் கொல்லையையும் மொட்டையடித்துவிட்டது, லோபோ தூவிப்போன ஒரு பட்டையைத் தவிர. இருபது தப்படி அகலத்துக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிலக்கடலை பச்சைப்பசேலென்று நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது. இரண்டு ஊரும் வாயைத் திறக்கவில்லை. நான் அந்தப் பாதையில் போவதையே விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் அதிகாரி வருகிற தேதி தெரிந்ததும் குள்ளம்மாள் ஓடையைத் தாண்டி முதல் தடவையாகச் சவரிமுத்து வீட்டுக்குப் போனாளாம். பாக்கியமேரி எனக்குப் பிற்பாடு சொன்னாள்.

“அண்ணே, எம் பேரச் சொல்லி நீ மறைக்காத. எங் கொல்லையில நின்னது தப்புன்னா அந்தத் தப்புல எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கடலக்காவப் புடுங்கித் தின்ன எனக்கு மனசு வரல” என்றாளாம்.

 அன்றைக்கு அவன் இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டானாம்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். லோபோவும் வந்திருந்தார், இரண்டு கட்டைகளை அக்குளில் ஊன்றிக்கொண்டு. இரண்டு ஊர் ஜனமும் ஓடைக் கரையில் கூடியிருந்தது. சங்கிலி பிடித்து அளந்தார்கள். அதிகாரி என்னிடம் அந்தக் கொடியைக் கொடுத்து, அன்றைக்கு நின்ற இடத்தில் அந்த ஆளை நிற்கச் சொல் என்றார்.

நான் கொடியைச் சவரிமுத்து கையில் கொடுத்தேன். “சுண்ணாம்புக் கல்லுக்கிட்ட நில்லு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவன் போய்க் கல்லருகே நின்றான். அதிகாரி குறிப்பெழுதக் குனிந்தார். சவரிமுத்து கொடியை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். கல்லைத் தாண்டினான். ஓடையில் இறங்கினான், முழங்கால் அளவு தண்ணீர், கொடி சாயவில்லை. அந்தக் கரையில் ஏறி, குள்ளம்மாள் கொல்லையின் பச்சைப் பட்டை முடிகிற இடத்தில் கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்றான். 

எல்லாரும் ஓடையைத் தாண்டிப் போனோம். லோபோவை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“இங்கதானுங்க நின்னேன். அன்னிக்கிப் பொய் சொல்லிட்டேன். ஏர் அவுத்துட்டாங்கன்னு நெனச்சி மாடில்லாத கொல்லைக்கு ஒரு சுத்து வுட்டேன். அய்யா மேல குத்தம் இல்லீங்க. அவரு கொடியப் பாத்துத்தான் வந்தாரு” என்றான். பிறகு கட்டைகளை ஊன்றி நின்ற லோபோவைப் பார்த்து, “அந்தப் புள்ளையக் கொன்னது நான்தானுங்க” என்று சொல்லி அழுதான்.

நான் மொழிபெயர்த்தேன். கடைசிச் சுத்து என்பதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, திக்கித் திணறி நாலு வாக்கியமாகச் சொன்னேன். அதிகாரி பச்சைப் பட்டையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். நீ இங்கே நின்றிருந்தால், கொடி எப்படி ஓடைக்கு உங்கள் ஊர்ப் பக்கம் போலீஸ் கையில் கிடைத்தது? யார் கொண்டுபோய்ப் போட்டது?

இதையும் நான்தான் தமிழில் அவனிடம் கேட்க வேண்டும். கேட்டேன்.  சவரிமுத்து என் முகத்தைப் பார்த்தான், அன்றைக்குப் புளியமரத்தடியில் பார்த்த மாதிரியே.

“நான்தானுங்க. பயந்துபோயி நானே எடுத்தாந்து போட்டுட்டேன்” என்றான்.

அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

லோபோவுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. அவர் திரும்பப் பறந்தாரா என்று எனக்குத் தெரியாது. எழுபத்திரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செபமாலைபுரம் பூசைக்கு வந்து, சவரிமுத்து பக்கத்தில் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்து போனார் என்று மட்டும் தெரியும். குல்கர்னி விழுந்த இடத்தில் வருஷா வருஷம் ஆவணியில் சவரிமுத்து மெழுகுவர்த்தி ஏற்றுவான், குள்ளம்மாள் சூடம் ஏற்றுவாள். எழுபத்தெட்டில் மஞ்சள் காமாலையில் அவன் இறந்தபோது, திருவிழாக் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட வேண்டும் என்று சொன்னவர்கள் கோணங்கிப்பட்டிக்காரர்கள்.

கொடியோடு இடம் மாறி நின்றதற்கு அவனை ஒன்றும் செய்யவில்லை, தெரியாமல் செய்ததுதான் என்று விட்டுவிட்டார்கள். விசாரணையில் பொய் சொன்னதற்கும் சாட்சியத்தை இடம் மாற்றியதற்கும் ஒரு மாதம் சேலம் ஜெயில் போட்டார்கள். இடம் மாற்றியது நான். அந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு நாளும் நான் தாசில்தார் ஆபீஸ் வாசல் வரை சைக்கிளில் போய்த் திரும்பி வந்தேன். அவன் கொல்லையில் கொள்ளு விதைக்கிற பருவம் அது. இரண்டு ஊரிலும் மாடு வைத்திருந்த அத்தனை பேரும் கடைசிச் சுத்தை அவன் கொல்லையில் ஓட்டினார்கள். மாடு இருந்தும் ஓட்ட ஆள் இல்லாத கொல்லைக்கு அந்த வழக்கம் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவன் விடுதலையான அன்று காலை நான் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். சேலத்திலிருந்து வந்த பாசஞ்சரில் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினான். கையில் ஒரு துணிப்பை, முகத்தில் ஒரு மாத தாடி. என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஏன்டா எம் பேரச் சொல்லல? நான் கொடி எடுத்துக்கிட்டுப் போனத நீ பாத்தியே. உனக்கு ஏன்டா இந்தப் பொல்லாப்பு?” என்று பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவே கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

சவரிமுத்து துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். என் கையைப் பிடித்து வெளியே பஸ் நிற்கிற பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தான்.

“உங்ககிட்ட ஏது சார் மாடு?” என்றான்.